தோட்டத்துப் பிள்ளைகளும் வைத்தியத் துறையும்

"நீங்கள் வளர்ந்து என்ன தொழில் செய்ய விரும்புகிறீர்கள்?" என்ற வினாவை ஆசிரியத் தொழிலில் உள்ள எவரும் ஆண்டுக்கொரு முறையேனும் கேட்கத் தவறுவதில்லை. விடையை அறியும் ஆவலினால் நாம் அதனைக் கேட்கிறோம் என்று சொல்வது உண்மையாகாது. பாடம் முடிந்து மணி அடிக்கும்வரை வகுப்பை அடக்கி வைத்திருக்கவே பெரும்பாலும் கேட்கிறோம். பிள்ளைகளும் அதனை அறிவர். ஆதலால், எமக்கு உவப்பான விடையைச் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பர்.

எமது பாடசாலை நுவரெலியா மாவட்டத்துத் தேயிலை மலைகளின் நடுவே அமைந்தது. மாணவர்களுட் பெரும்பாலோர் லயங்களிலிருந்து வருபவர்கள். பத்தாம் வகுப்பிலே நாம் இந்த வினாவைக் கேட்டு, விடையைத் துண்டுக் கடதாசியில் எழுதித் தரச் சொன்னபோது, பாதிப்பேருக்கு மேல் "டாக்டர்" என்று எழுதியிருந்தனர். எஞ்சியோருள் சிலர் "டீச்சர்" என்றனர். இருவர் மூவர் "பொலிஸ்" என்றனர். ஒருவன் மாத்திரம் "கொழும்பில் கடை" என்று எழுதியிருந்தான். எல்லோரிலும் உண்மை எழுதியவன் அவனே என்று நாம் அப்போது எண்ணினோம். அவனுடைய அண்ணன்மார் இருவரும் கொழும்பில் கடைகளிலேதான் நின்றனர்.

"டாக்டர்" என்று எழுதியவர்களை எழுப்பி, வைத்தியசாலையிலே டாக்டரைத் தவிர வேறு எவரெவர் வேலை செய்கின்றனர் என்று வினவினோம். "மிஸ்" என்றனர். அதற்கு மேல் விடை வரவில்லை. சற்று நேரங் கழித்துப் பின் வாங்கிலிருந்து ஒருத்தி, "துண்டு எழுதுறவங்க" என்றாள்.

அப்பிள்ளைகள் கண்ட "டாக்டர்" யார் என்பதையும் இவ்விடத்திற் சொல்லியாக வேண்டும். தோட்டத்து மருந்துக் காம்பிராவில் இருந்து மாத்திரை கொடுத்தவரை மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக "டாக்டர் ஐயா" என்றே அழைத்து வந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பட்டம் பெற்ற வைத்தியர்கள் அல்லர். தோட்ட நிருவாகம் அமர்த்திய உதவியாளர்கள். தொழிலாளிக்கு மருந்து கொடுக்க வேண்டிய கடப்பாட்டை 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டங்களின் மீது சுமத்தியிருந்தது. ஆனால் காய்ச்சலில் கிடப்பவன் கொழுந்து எடுக்க மாட்டான் என்ற கணக்கை அறிய முதலாளிக்குச் சட்டம் வேண்டியதில்லை. எனவே எமது பிள்ளைகள் கண்ட வைத்தியம், ஆரம்பத்திலிருந்தே, "இன்றைக்கு இவன் வேலைக்குப் போகலாமா, கூடாதா?" என்று தீர்ப்பளிக்கும் வைத்தியமாகவே இருந்தது. அத்தகைய அதிகாரம் படைத்தவராகத் தாமும் வரவேண்டுமென்று ஒரு பிள்ளை விரும்பினால் அதிலே வியப்பில்லை.

இந்த விஷயத்தில் எமக்கு அக்கறை பிறந்ததற்குக் காரணம் எமது நற்குணமன்று. நாம் செய்த ஒரு பிழையே அதற்குக் காரணம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் எம்மிடம் விஞ்ஞானம் கற்ற மாணவி ஒருத்தி, சாதாரணதரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு 'ஏ' சித்தியும் கணிதத்துக்கு 'பி' சித்தியும் பெற்றாள். எமது பாடசாலை, கல்வி அமைச்சின் வகுப்பீட்டில் '1சி' வகையைச் சேர்ந்தது. அதாவது, உயர்தர வகுப்புகள் உண்டு; ஆனால் கலையும் வர்த்தகமுமே உண்டு. உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் '1ஏபி' வகைப் பாடசாலைக்குப் போவதென்றால், நகரத்துக்கு இரண்டு பஸ் ஏறிப் போக வேண்டும். முதலாவது பஸ் காலை ஆறு மணிக்கு; மழைக்காலத்தில் அது வந்தால்தான் நிச்சயம். தாயும் மகளுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை எமது வீட்டுக்கு வந்தனர். தாய் வாசற்படிக்கு மேலே ஏறவில்லை.

"என்ன படிக்க வைக்கலாம்னு நீங்களே சொல்லிருங்க சேர். நமக்கு என்னாங்க தெரியும்" என்றார்.

நாம் யோசித்தோம். பஸ் கட்டணத்தைக் கணக்கிட்டோம். தனியார் வகுப்புக் கட்டணத்தைக் கணக்கிட்டோம். வைத்திய பீடத்துக்குத் தெரிவாகும் வாய்ப்பு எத்துணை அரிது என்பதையும் கணக்கிட்டோம். "டாக்டராக வருவது முடியாத காரியம், அம்மா. கலைப்பிரிவில் படிக்கட்டும், டீச்சராக வரலாம்" என்றோம். நடைமுறை அறிவுள்ள ஆலோசனை என்று அதனையிட்டு உள்ளூர மகிழ்ந்துங் கொண்டோம். அவள் தமிழும் இந்து நாகரிகமும் அரசறிவியலும் படித்து, மூன்றிலும் சித்தியெய்தி, பல்கலைக்கழகத்துக்குப் போதிய புள்ளியின்றி, கட்டுநாயக்காவில் ஒரு தைத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். இவை யாவும் எமது பகுதியில் அன்றாடம் நடப்பவை. எவரும் நின்று கவனிப்பதில்லை. நாமும் கவனிக்கவில்லை.

பின்னர் ஒரு தடவை எமது தாயாரை அரசாங்க வைத்தியசாலை ஒன்றிற் சேர்த்திருந்தோம். பார்வையாளர் நேரத்தில் பெண்கள் வார்ட்டினுள் நுழைந்தபோது, கட்டிலுக்குக் கட்டில் நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை எங்கோ கண்டதுபோல் இருந்தது. அவளேதான். தன் நாத்தனாருக்குத் துணையாக வந்திருந்தாள். அங்கிருந்த தாதி ஒரு சிங்களப் பெண், நல்ல மனமுடையவர், ஆனால் அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் பத்துப் பன்னிரண்டுக்கு மேலிராது. நோயாளர்களிற் பாதிப்பேர் தோட்டத்துப் பெண்கள். தொழிற்சாலையிலே சிங்களம் பழகிய எமது மாணவியை "நங்கி, நங்கி" என்று அழைத்து அழைத்து, அத்தாதி தம் வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

ஒரு கிழவி "நெஞ்சு கரிக்குது" என்றார். நெஞ்சைக் கையால் தொட்டும் காட்டினார். தாதி அதனை நெஞ்சு நோவென்றே விளங்கிக்கொண்டு பரபரப்படைந்தார். எமது மாணவி குறுக்கிட்டு, அது நோவல்ல, சாப்பிட்ட பின் புளித்து மேலே எழும் எரிவு என்று சொல்லி, எவ்வளவு நாளாக, எந்த நேரத்தில் என்று தானே கேட்டு விளக்கினாள். அடுத்த கட்டிலிலே "கைகால் எல்லாம் ஒளையுது" என்ற ஒருத்தி. ஒளைச்சலுக்கு எந்த மொழியில் என்ன சொல் உண்டோ நாமறியோம்; அவள் எப்படியோ சொன்னாள். அடிவயிற்று நோயைப் பற்றி ஆண்கள் நிற்கும்போது பேச மறுத்த இன்னொருத்தியிடம் குனிந்து கேட்டு, எழுந்து வந்து தாதியிடம் மெதுவாகச் சொன்னாள். அந்த ஒரு மணி நேரத்தில் அந்த வார்ட்டிலே மிகவும் வேண்டப்பட்டவள் அவளாகவே இருந்தாள். அவளுக்கு அங்கு எந்தப் பதவியும் இல்லை.

எம்மைக் கண்டதும் மரியாதையுடன் வந்து பேசினாள். குறை எதுவுஞ் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்குச் சுலபமாக இருந்திருக்கும். போகும்போது ஒன்று கேட்டாள்:

"சேர், ரத்தம் எடுத்துட்டுப் போறாங்களே, அத உள்ளுக்க யாரு பாக்குறது? அந்த வேலைக்கு என்னா படிச்சிருக்கணும்? மகளுக்குக் கேக்குறேன்."

எமக்குத் தெரியவில்லை. இருபது ஆண்டுகளாகக் குருதியின் கூறுகளைக் கரும்பலகையில் வரைந்து, செங்கலத்துக்குச் சிவப்புச் சுண்ணக்கட்டியும் வெண்கலத்துக்கு வெள்ளைச் சுண்ணக்கட்டியுமாகக் கற்பித்து வந்த நாம், அக்கலங்களை எண்ணிச் சம்பளம் பெறும் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதையும், அவர் எங்கே பயின்று அவ்விடத்துக்கு வந்தார் என்பதையும் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. "விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லித் தப்பிக்கொண்டோம்.

விசாரித்தபோது நாம் அறிந்தவற்றைச் சக ஆசிரியர்களுக்காக இங்கே சுருக்கமாகச் சொல்கிறோம். எம்மைப் போன்றோர் பலர் உளர் என்ற துணிவினாலேயே சொல்கிறோம். குருதியையும் சளியையும் சிறுநீரையும் சோதிப்பவர் வைத்திய ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். கதிர்ப்படம் எடுப்பவர், மருந்தாளர், முறிந்த கையையும் முடங்கிய காலையும் மீண்டும் இயங்கப் பழக்கும் இயன்மருத்துவர் ஆகியோர் ஒவ்வொருவருக்கும் தனிப் பயிற்சி உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இத்துறைகளுக்கென ஒரு பீடமே இருக்கிறது. வைத்திய பீடத்துக்கு வேண்டிய புள்ளி கிடைக்காத மாணவர் அங்கே தாதியியலிலும் மருந்தகவியலிலும் ஆய்வுகூட விஞ்ஞானத்திலும் பட்டம் பெறுகின்றனர். யாழ்ப்பாணத்திலும் இத்தகைய பட்டப்படிப்புகள் உண்டு. பல்கலைக்கழகம் புகாதவர்க்கு அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் உண்டு. பயிற்சி மூன்று ஆண்டு. பயிலும் காலத்திலே கொடுப்பனவும் உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்ப நல உத்தியோகத்தர் ஆகிய பதவிகள் வேறு. இவை யாவற்றுக்கும் ஆட்சேர்ப்பு அறிவித்தல் வர்த்தமானியில் வெளியாகிறது. வர்த்தமானி வெள்ளிக்கிழமைதோறும் வெளிவருகிறது. எமது தோட்டத்துக்கு அது வருவதில்லை.

இவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுச் சித்தி வேண்டும் என்பதை அறிந்தபோதுதான், அந்த ஞாயிற்றுக்கிழமை நாம் செய்தது என்ன என்பது எமக்கு விளங்கிற்று. டாக்டர் என்ற ஒரு கதவை மாத்திரம் அறிந்திருந்த நாம், அது பூட்டியிருக்கிறது என்று சொல்லி, வீட்டையே காட்டாமல் அனுப்பியிருக்கிறோம்.

அதன் பின்னர், பத்தாம், பதினோராம் வகுப்பு மாணவர்களை ஒரு நாள் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதென்று தீர்மானித்தோம். அனுமதி பெறுவதற்கு எழுதிய கடிதங்களைப் பற்றி எழுதினால் அது தனிக் கட்டுரையாகும், விட்டுவிடுவோம்.

ஆய்வுகூடத்தில் ஒரு தொழில்நுட்பவியலாளர் கண்ணாடித் தகட்டின் மீது ஒரு துளியைத் தேய்த்து, நிறமூட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, ஒவ்வொருவராக வந்து பார்க்கச் சொன்னார். எமது பாடசாலையிலும் ஒரு நுணுக்குக்காட்டி உண்டு. வில்லை உடைந்து அலுமாரிக்குள் இருக்கிறது. பொருட்பதிவேட்டில் மாத்திரம் அது பழுதின்றி இருக்கிறது. ஆதலால் வட்ட வட்டமாகக் கிடந்த அந்தக் கலங்களை எமது பிள்ளைகள் அன்றே முதன்முறையாகக் கண்டனர். ஒருத்தி கண்ணை எடுக்காமல் நின்றாள். பின்னால் நின்றவர்கள் தள்ளத் தொடங்கினர். "நெசமாவே சேர் கீறுன மாதிரியே இருக்கு" என்றாள். எமது கரும்பலகைச் சித்திரத்துக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை.

கதிர்ப்படப் பிரிவிலே ஒளிப்பெட்டியின் மீது ஒரு முன்கை எலும்பு முறிந்து கிடந்தது. மழையில் மலைச்சரிவிலே வழுக்கி விழுந்த ஒரு பெண்ணினது கை. அது யாருடைய தாயோ என்ற எண்ணம் பிள்ளைகளின் முகங்களிலே தெரிந்தது. இயன்மருத்துவர், நிழல் மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்த ஒருவரை இரு கம்பிகளுக்கிடையே நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். எமது வகுப்பிலே படிப்பில் அக்கறையற்றவன் என்று நாம் முத்திரையிட்டிருந்த ஒரு பையன், அந்தக் கதவை விட்டு அசையாமல் நின்றான். அவனுடைய தகப்பனாரும் அவ்வாறே விழுந்தவர் என்பதும், அவரை எவரும் நடக்கப் பழக்கவில்லை என்பதும் திரும்பி வரும் வழியிலேதான் எமக்குத் தெரிய வந்தது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் குடிநீரைப் பற்றிப் பேசினார். பேச்சு முடியுமுன் மேற்பிரிவுப் பையன் ஒருவன் எழுந்து, "எங்க லயத்துப் பீலித்தண்ணி கக்கூசுக்குக் கீழாலதான் சேர் வருது. அதுக்கு யாருகிட்ட சொல்லணும்?" என்று கேட்டான். பரிசோதகர் சற்றுத் தடுமாறினார். பின்னர் தம் குறிப்புப் புத்தகத்தை எடுத்துத் தோட்டத்தின் பெயரை எழுதிக்கொண்டார். அந்தப் பையன் திரும்பி வரும்போது, "அவரு எழுதுனா தொரை கேக்கணுமா?" என்று எம்மிடம் வினவினான். சட்டம் அவ்வாறுதான் என்றோம். அப்படியானால் அது நல்ல வேலை என்றான்.

எனினும், அன்று பிள்ளைகளின் நெஞ்சைத் தொட்டவர் இவர்கள் எவருமல்லர்; ஒரு குடும்ப நல உத்தியோகத்தர். மக்கள் வழக்கிலே மருத்துவிச்சி. பேச்சைத் தொடங்கும்போதே, "நானும் லயத்துப் புள்ளதான். எங்கம்மா இன்னமும் கொழுந்து எடுக்கிறாங்க" என்றார். வகுப்பிலே நாம் நாற்பது நிமிடம் கத்தியும் பெறாத அமைதி அங்கே உண்டாயிற்று. தமக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று சொன்னார். உயர்தரம் முடித்து வீட்டிலிருந்த காலத்தில், கடையிலே சீனி சுற்றித் தந்த பத்திரிகைத் தாளில் ஆட்சேர்ப்பு விளம்பரம் இருந்ததாம். முடிவுத் திகதிக்கு நான்கு நாள் மிச்சமிருந்ததாம். பிள்ளைகள் சிரித்தனர், எமக்குச் சிரிப்பு வரவில்லை. கடைக்காரர் அன்றைக்கு வேறொரு தாளைக் கிழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இந்த மருத்துவிச்சிமாரின் சேவை இந்நாட்டின் வரலாற்றில் எத்துணை பெரியது என்பதை மாணவர் அறிவதில்லை; ஆசிரியரும் அறிவதில்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. வீட்டுக்கு வீடு நடந்து கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யும் இவ்வூழியர்களின் வலைப்பின்னல் அங்கிருந்தே நாடெங்கும் விரிந்தது. 1930களிலே இலங்கையில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அண்மைக் காலத்தில் அத்தொகை முப்பதையொட்டி நிற்கிறது. இதனைச் சாதித்தது பெரிய வைத்தியசாலைகளின் கட்டிடங்கள் மட்டுமன்று. குடையும் பையுமாக மலையேறிய பெண்களின் கால்களுமேயாகும். ஆயினும், அந்தக் கால்கள் லயங்களை வந்தடையக் காலம் சென்றது. வந்தபோதும், தாயின் மொழி பேசும் வாயுடன் அவை எப்போதும் வரவில்லை.

இவ்விடத்தில் எமது நண்பர் ஒருவர் எழுப்பிய ஆட்சேபத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவரும் ஆசிரியர், தொழிற்சங்கத்தில் நெடுங்காலம் உழைத்தவர். நாம் செய்த காரியத்தைக் கேள்வியுற்று, "நீர் என்ன செய்கிறீர் தெரியுமா? கொழும்பு 7இன் பிள்ளையை டாக்டராக விட்டு, எங்கள் பிள்ளையை அவனுக்குப் பக்கத்தில் தட்டு ஏந்தி நிற்கப் பழக்குகிறீர். வெள்ளைக்காரன் கூலியைக் கங்காணி ஆக்கினான். நீர் தாதி ஆக்குகிறீர். டாக்டராக வரவேண்டும் என்று எழுதிய பிள்ளையிடம் அதற்கு வழி காட்டுவதை விட்டு, ஆசையைக் குறைத்துக்கொள் என்கிறீர்" என்று சீறினார்.

நாம் பல நாள் இதனை எண்ணிப் பார்த்தோம். அவர் கூற்றிலே உண்மை இருக்கிறது. சிறிய பதவிகளின் பட்டியலை லயத்துப் பிள்ளையிடம் மாத்திரம் நீட்டுவது, வர்க்கத்துக்கேற்ற கல்வி என்ற பழைய அநீதியை இனிப்புப் பூசிக் கொடுப்பதாகும். நகரத்துப் பெரிய கல்லூரியில் எவரும் மாணவரைக் கூட்டி வைத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கடமைகளை விளக்குவதில்லை என்பதை நாமும் அறிவோம். ஆனால் நண்பர் ஒன்றை மறந்தார். தாதி டாக்டருக்குத் தட்டு ஏந்துபவர் என்ற எண்ணமே டாக்டர்களின் வீட்டிலே பிறந்த எண்ணம். உழைப்பை மேல் கீழாகப் பிரிக்கும் அந்தப் பார்வையை நாம் ஏன் இரவல் வாங்க வேண்டும்? அத்துடன், உயிரியல் வகுப்பில் சேராத பிள்ளை தாதியாகவும் ஆவதில்லை, டாக்டராகவும் ஆவதில்லை. இரண்டு பாதைகளுக்கும் வாசல் ஒன்றே. அந்த வாசல் எமது பாடசாலையில் இல்லை. நண்பருடன் நாம் முடிவாக உடன்பட்ட இடம் இதுதான். அவரும் நாமும் சேர்ந்து, உயர்தர விஞ்ஞானப் பிரிவு கோரி வலயக் கல்விப் பணிமனைக்கு மனுச் செய்தோம். இரசாயன ஆசிரியர் இல்லை என்று பதில் வந்தது. அவ்வாறு பதில் வரும் என்று நண்பர் முன்னரே சொல்லியிருந்தார்.

பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்படுவதால் எமக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறதே என்று சிலர் சொல்வர். 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டத்தின் சனத்தொகை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற இந்தப் பங்கீட்டை நாம் எதிர்ப்பவரல்லர். ஆனால் மாவட்டம் என்ற சொல்லுக்குள் நகரமும் உண்டு, லயமும் உண்டு. ஆய்வுகூடம் உள்ள பாடசாலையும் பூட்டிய அலுமாரி உள்ள பாடசாலையும் ஒரே மாவட்டத்தின் பிள்ளைகளாகவே எண்ணப்படுகின்றன. 1945இல் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோதும் கதை இதுவேதான்: தோட்டப் பாடசாலைகள் அந்த விருந்துக்கு மிகப் பிந்தி அழைக்கப்பட்டன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எமது மக்களை நாடற்றவர்களாக்கிற்று. பிரஜையல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகமில்லை. தாதியாக வரக்கூடிய எத்தனை பெண்கள் அந்த ஒரு காரணத்தினாலேயே விண்ணப்பம் போடாதிருந்தனர் என்பதற்குக் கணக்கு இராது. விண்ணப்பிக்காதவரை எவர் எண்ணுவார்? 2003இன் சட்டத்துடன் அந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால், "அரசாங்க வேலை நமக்கில்லை" என்று பாட்டியிடமிருந்து பேத்திக்கு இறங்கிய நினைப்பைச் சட்டத்தினால் நீக்க இயலவில்லை.

ஆங்கிலப் பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் படித்தவர்களால் வைத்தியத் துறையில் ஈடுகொடுக்க முடியாது என்று பெற்றோர் பலர் நம்புகின்றனர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நம்மவருக்கு மேலைத்தேச வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றுக்கும் சத்திர சிகிச்சைக்கும் இரசாயனத்துக்கும் தமிழில் நூல்கள் செய்வித்தார். கலைச்சொற்களை ஒவ்வொன்றாகத் தேடினார். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அச்செய்தியைப் பிள்ளைகளிடம் சொன்னபோது, அவர்கள் அதனை நம்ப மறுத்தனர். வெள்ளைக்காரர் ஏன் தமிழ் படிக்க வேண்டும் என்பதே அவர்களின் ஐயம். நோயாளி தமிழர் என்பதனால் என்றோம்.

வைத்தியம் என்றால் மருந்து மாத்திரமன்று என்பதையும் இந்நாட்டின் முற்போக்காளர் ஒரு காலத்தில் தம் கால்களாலேயே நடந்து காட்டினர். 1934-35இல் மலேரியா பரவி ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனபோது, சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்குச் சென்று நிவாரணம் செய்தனர். வைத்திய கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்களுள் இருந்தனர். கொயினா கொடுத்தால் மட்டும் போதாது, பட்டினியால் உலர்ந்த உடம்பு மருந்தைத் தாங்காது என்று கண்டு, பருப்பும் உணவும் கொடுத்தனர். அதனால் பெரேராவைக் கிராமத்தவர் "பருப்பு மாத்தையா" என்று அழைத்தனராம். 2016இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடென உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பட்டினி ஒழிந்ததென எவரும் இன்னும் சான்றளிக்கவில்லை.

இதனை ஒரு காரணத்தோடுதான் சொல்கிறோம். வைத்தியசாலைக்குச் சென்று வந்த பின்னர், வர்த்தமானியைத் தேடிப் பெற்று, ஆட்சேர்ப்பு அறிவித்தல்களை எமது பாடசாலைச் சுவரில் ஒட்டத் தொடங்கினோம். பழைய அறிவித்தல்களையும் ஒட்டினோம், இன்னின்ன தகுதி வேண்டுமென்று பிள்ளைகள் முன்கூட்டியே அறியட்டும் என்பதற்காக. நுணுக்குக்காட்டியை விட்டுக் கண்ணை எடுக்காது நின்ற அந்த மாணவி, இடைவேளையின்போது ஒவ்வொரு வரியாக வாசித்தாள். பிறகு எம்மிடம் வந்து, "உயரமும் பாப்பாங்களா சேர்?" என்று கேட்டாள். நாம் சுவரருகே சென்று பார்த்தோம். கல்வித் தகைமை, வயதெல்லை, நற்சான்று ஆகியவற்றுக்குக் கீழே, உடல் தகைமை என்ற தலைப்பில், குறைந்தபட்ச உயரமும் குறிக்கப்பட்டிருந்தது. அறிவித்தலை ஒட்டிய நாமே அந்த வரியைக் கவனித்திருக்கவில்லை.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 100 பேருள் 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறத்தில் அத்தொகை 100க்கு 32. அந்தத் தொகை எமக்கு மனப்பாடம். ஆசிரியர் கருத்தரங்குகளிற் சொல்லியிருக்கிறோம். பிள்ளைக் காம்பிராவிலே தேநீரும் ரொட்டித் துண்டுமாகக் கிடந்த குழந்தை, பதினாறாண்டு கழித்து ஒரு வர்த்தமானித் தாளின் முன்னால் நிற்கும் என்பதை மட்டும் நாம் கருத்தரங்கிலே சொன்னதில்லை.

அவள் விஞ்ஞான அறைக் கதவு நிலையிலே முதுகைச் சாய்த்து நின்றாள். சப்பாத்தைக் கழற்றச் சொன்னோம். தலையின் மீது அடிமட்டத்தை வைத்துப் பென்சிலால் கோடிட்டு, அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்தோம். எல்லைக்கு முக்கால் அங்குலம் குறைந்தது. நாடாவை மீண்டும் ஒருமுறை பிடித்தோம், அளவு மாறவில்லை.

"இன்னும் வளருவேனா சேர்?" என்றாள்.

பதினைந்தரை வயதுப் பெண்ணின் எலும்பு இனி எவ்வளவு வளரும் என்பதைப் பதினோராம் வகுப்புக்குக் கற்பிப்பவர் நாமே. "காலையில் சாப்பிட்டு வருகிறாயா?" என்று கேட்டோம். அவள் விடை சொல்லாமல் சப்பாத்தை மாட்டிக்கொண்டாள். அந்த உயர எல்லையைத் தோட்டப்புற விண்ணப்பதாரிகளுக்குத் தளர்த்தக் கோரி நண்பரும் நாமும் எழுதிய இரண்டாவது மனு, இக்கட்டுரையை எழுதும் வேளையில் தபாலிலே சேர்ந்துவிட்டது. கதவு நிலையிலே பென்சில் கோடு இருக்கிறது. மாதமொரு தடவை அவள் வந்து நிற்கிறாள்.